காஸ்பரின் பட்டறைச் சாமான்கள்

ராணுவத்திலிருந்து திரும்பி வந்த காஸ்பர் மூன்று மாதம் படுத்தே கிடந்தான். அசாம் மழையில் நாலு வருஷம் லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்த உடம்பு, செஞ்சி வெயிலில் வந்து விழுந்ததும் எழுந்திருக்க மாட்டேன் என்றது. மாதத்துக்கு ஒரு தடவை மலைக்காய்ச்சல் வந்து மூன்று நாள் உலுக்கிவிட்டுப் போகும். இடது காது பாதிதான் கேட்கும். இதெல்லாம் ராணுவ டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்த சங்கதிகள். அவர் எழுதாமல் விட்டது அசதி ஒன்றைத்தான். தூங்கி எழுந்தால் தூங்கப்போகும் முன்பு இருந்ததைவிட அதிகமாக இருக்கும்.

அவனுக்கு வயது முப்பத்து மூன்று. சண்டைக்கு முன்னால் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் ஓடிய பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்து மெக்கானிக்காக ஆனவன். ராணுவத்தில் அவனை நடமாடும் பட்டறை ஒன்றில் போட்டார்கள். பெரிய லாரி ஒன்றின் வயிற்றுக்குள்ளேயே இரும்பைக் கடையும் லேத்து, துளை போடும் மிஷின், சாணைக்கல் எல்லாம் இருக்கும். பின்னால் ஒரு ஜெனரேட்டர் இரைந்துகொண்டே இருக்கும். பொத்தானை அமுக்கினால் இரும்பு வெண்ணெய் மாதிரி அறுபடும். அங்கே காஸ்பர் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கினான்.

அந்த நாலு வருஷமும் அவன் மனைவி அமலோற்பவம் செஞ்சி வேர்க்கடலை மண்டியில் மணிலாக்கொட்டை உடைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். அவன் போன பிறகு பிறந்த பையன் ஒன்றரை வயதில் வாந்திபேதியில் போய்விட்டான். சேதி சொன்ன கடிதம் காஸ்பர் கைக்கு ஆறு வாரம் கழித்துக் கிடைத்தது. அவன் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஊர் திரும்பிய மறுநாள் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். அதற்கப்புறம் அதைப்பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

1946, தை மாதம். ஒரு நாள் காலையில் அமலோற்பவம் கேட்டாள்.

"பஸ் மொதலாளி மறுபடியும் ஆள் அனுப்பி இருக்கார். டிரைவர் வேல தர்றாராம். இன்னா சொல்லட்டும்?"

"முடியாதுன்னு சொல்லு."

"அப்ப இன்னா பண்றதா இருக்கீங்க?"

காஸ்பர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "எனக்குத் தெரிஞ்சது ஒரே வேல. பட்டறை வைக்கலாம்னு இருக்கேன்."

அது அவன் படுத்தபடியே யோசித்து வைத்திருந்த விஷயம்தான். செஞ்சியைச் சுற்றி மணிலா உடைக்கும் மிஷின்கள் வந்திருந்தன. நெல் மிஷின் இரண்டு இருந்தது. கரியில் ஓடிய பஸ்கள் வாரத்துக்கு ஒரு தடவை எங்கேயாவது படுத்துக்கொண்டன. ஒரு தண்டு தேய்ந்தாலும் மரை போனாலும் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். செஞ்சியிலேயே ஒரு லேத்து இருந்தால் வேலைக்குப் பஞ்சம் இருக்காது. திருவண்ணாமலை ரோட்டில் பாண்டுரங்கன் என்பவருக்கு ஒரு பழைய வண்டிக் கொட்டகை இருந்தது. அதை வாடகைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ராணுவத்தில் கடைசியாகக் கொடுத்த பணம் அப்படியே இருந்தது.

அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து, வேண்டிய சாமான்களை ஒரு காகிதத்தில் எழுத ஆரம்பித்தான். லேத்து. ஜெனரேட்டர். கரண்டில் ஓடும் கைத்துளை மிஷின். கரண்டு சாணை. காஸ் வெல்டிங். எழுதிக்கொண்டே போனான். நடமாடும் பட்டறையை அப்படியே செஞ்சிக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற மாதிரி இருந்தது. அமலோற்பவம் எட்டிப் பார்த்தாள். கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள்.

"இதெல்லாம் எதுல ஓடும்?" என்றாள்.

"கரண்டுல."

"செஞ்சியில ஏது கரண்டு?"

"அதுக்குத்தானே ஜெனரேட்டரு."

"அது எதுல ஓடும்?"

"பெட்ரோல்ல" என்றான். சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்ரோல் கிடைக்காமல்தான் பஸ்ஸே அடுப்புக் கரியில் ஓடிக்கொண்டிருந்தது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தான் கெட்டிக்காரனாக இருந்தது அந்தப் பொத்தானுக்குப் பின்னால் நின்றபோதுதானோ என்று அவனுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

மாசி பிறந்ததும் பட்டணத்துக்குப் பக்கத்தில் ராணுவத்தின் மிச்சச் சாமான்களை ஏலம் விடப்போவதாகச் சேதி வந்தது. தொண்டூர் கோதண்டராம ரெட்டியாரும் கூட வருவதாகச் சொன்னார். அவருக்குத் தொண்டூரில் பெரிய கிணறு, ஏழு ஏக்கர் நஞ்சை. இரண்டு ஜோடி மாடு வைத்துக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கிணற்றுக்கு எண்ணெய் இஞ்சின் ஒன்று வைக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக அலைகிறார். சண்டை நாளில் புது இஞ்சின் எங்கேயும் கிடைக்கவில்லை.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது காஸ்பரு" என்றார் ரயிலில். "நீ கையக் காட்டுறதை வாங்கிக்கிறேன். அதுக்கோசரம்தான் உன்கூட வர்றேன்."

"பார்த்துச் சொல்றேன் ரெட்டியாரே" என்றான் காஸ்பர். அப்போது அவன் மனதில் கள்ளம் எதுவும் இல்லை.

ஏலத்துக்கு முந்தின நாள் சாமான்களைப் பார்க்க விட்டார்கள். கண்ணுக்கு எட்டின தூரம் வரை தகரக் கொட்டகைகள். அவற்றுக்கு நடுவே வெட்டவெளியில் லாரிச் சக்கரங்கள், கூடாரங்கள், முள்கம்பிச் சுருள்கள், கக்கூஸ் வாளிகள். ஒவ்வொரு குவியலிலும் சுண்ணாம்பால் நம்பர் போட்டிருந்தது. கிரீஸ் வாடை மூக்கில் ஏறியதும் காஸ்பர் நடையை நிறுத்தினான். ஒரு மரப்பெட்டி மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தான்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு பெட்டி நிறைய கரண்டுத் துளை மிஷின்கள். புத்தம் புதுசு. எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. ஒன்றை எடுத்துப் பிடித்துப் பார்த்தான். அந்தக் கனம் அவன் மணிக்கட்டுக்குப் பழகின கனம்.

"அழகா இருக்குதே. வாங்கேன்" என்றார் ரெட்டியார்.

"செஞ்சியில இத வச்சிக்கிட்டு சுவத்துல ஆணி அடிக்கலாம்" என்று சொல்லித் திரும்ப வைத்தான்.

காஸ் வெல்டிங் சாமானையும் விட்டான். காஸ் உருளை தீர்ந்துபோனால் பட்டணத்துக்கு வண்டி ஏற வேண்டும். ஜெனரேட்டர்கள் வரிசையாக நின்றன. அவற்றின் பக்கம் போகவே இல்லை. பெல்ட்டில் ஓடுகிற சின்ன லேத்து ஒன்று துருப்பிடித்து ஓரமாகக் கிடந்தது. அதன் அருகில் மட்டும் வெகுநேரம் குந்தினான். சுழலும் தலையை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான். ஆட்டம் இல்லை. லேத்தின் நீளப் படுக்கையில் கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனான். தேய்ந்த லேத்து என்றால் தலைக்குப் பக்கத்தில் நகம் ஒரு பள்ளத்தில் இறங்கும். இதில் இறங்கவில்லை. துரு மேல்பூச்சுதான். அதன் நம்பரைக் குறித்துக்கொண்டான். கைச்சக்கரம் வைத்த நிற்கும் துளை மிஷின் ஒன்று, இரும்பை இறுக்கிப் பிடிக்கப் பெரிய வைஸ் ஒன்று, மரை போடும் கருவிகள் ஒரு பெட்டி, இரும்பை வைத்து அடிக்க ஒரு அடைகல், ஒரு சாணைக்கல். அவ்வளவுதான் அவன் ஜாபிதா.

கடைசியாக இஞ்சின்கள். மொத்தம் மூன்றே மூன்று. முதல் இஞ்சினின் பக்கவாட்டில் விரிசல் விட்டுப் பற்றவைத்திருந்தார்கள். இரண்டாவதற்குப் புதுப் பச்சைச் சாயம் அடித்திருந்தது. சக்கரத்தைச் சுற்றினால் உள்ளே எலும்பு முறிந்த மாதிரி ஒரு சத்தம். சாயத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று ரெட்டியாரிடம் சொன்னான். மூன்றாவது தார்ப்பாயின் அடியில் கரியும் களிம்புமாக, பார்க்கவே சகிக்காமல் கிடந்தது. ஐந்து குதிரை சக்தி இஞ்சின். காஸ்பர் அதன் பெரிய சக்கரத்தைப் பிடித்து மெல்லச் சுற்றினான். பாதி சுற்றில் உள்ளே காற்று இறுகி அவன் கையை எதிர்த்து நின்றது. இன்னும் அழுத்தினான். அது திமிறிக்கொண்டு பின்னால் துள்ளியது. இரண்டாம் தடவையும் அதே மாதிரி. உள்ளே ஒரு பழுதும் இல்லை. சரியாக நூறு மணி நேரம்கூட ஓடியிருக்காது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

இஞ்சின் இருந்தால் லேத்தும் ஓடும், துளை மிஷினும் ஓடும், சாணையும் ஓடும். கையால் சுற்ற வேண்டாம். காலால் மிதிக்க வேண்டாம். நின்றபடி வேலை செய்தால் போதும். உடம்பில் இருந்த அசதி முழுவதும் சேர்ந்து அந்த இஞ்சினைக் கேட்டது.

"இது எப்படிப்பா?" என்றார் ரெட்டியார், பின்னாலிருந்து.

"இது ஆகாது ரெட்டியாரே" என்று அவன் வாய் சொல்லிவிட்டது. "கரி புடிச்சிக் கெடக்குது பாருங்க. கெணத்துக்குன்னா நாளெல்லாம் ஓடணும். இது தாங்காது."

ரெட்டியார் தலையாட்டினார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் ஏலத்தில் அந்த இஞ்சினைக் காஸ்பரே கேட்டு எடுத்தபோது மட்டும் அவர் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஆகாதுன்னியே?"

"பட்டறைக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி, ரெண்டு மணி ஓடினா போதும். அப்பப்ப கழட்டிப் போட்டு நானே சரிபண்ணிக்குவேன்."

"அது சரி. தொழில் தெரிஞ்சவனுக்கு எதுவும் உதவும்" என்று அவர் சிரித்தார். பிறகு பையிலிருந்து கட்டுச்சோற்றை எடுத்துப் பாதியை அவனுக்குக் கொடுத்தார். புளிச்சோறு. காஸ்பர் சாப்பிட்டான்.

சாமான்கள் ரயிலில் திண்டிவனம் வந்து, அங்கிருந்து இரண்டு கட்டை வண்டிகளில் செஞ்சிக்கு வந்தன. இஞ்சினுக்கு அடிப்பீடம் போடச் சிமெண்டு கிடைக்கவில்லை. அதற்கும் பர்மிட் வேண்டும். மலையடிவாரத்தில் கல் உடைக்கிறவர்களிடம் சொல்லி முழங்கால் உயரப் பாறை ஒன்றை இறக்கி, அதில் உளியால் நாலு குழி போட்டு இஞ்சினை உட்கார வைத்தான். செஞ்சியில் கல்லுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பர்மிட் இல்லை. கூரைக்கு அடியில் நீளமாக ஒரு தண்டு, அதில் சக்கரங்கள், சக்கரத்திலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் தோல்வார். எல்லாவற்றையும் தனியாளாக மாட்டி முடிக்க ஒன்றரை மாதம் பிடித்தது. நடுவில் இரண்டு தடவை காய்ச்சல்.

பங்குனிக் கடைசியில் பங்குச் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். பஸ் டிரைவர் ஒருவர் எங்கிருந்தோ நாலு பாட்டில் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டதும் இஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கடைத்தெருவே கூடிவிட்டது. லேத்தில் இரும்புச் சுருள் ஆப்பிள் தோல் மாதிரி உரிந்து விழுந்தபோது ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். காஸ்பருக்கு மட்டும் அந்தச் சத்தம் அசாமில் இரைந்த ஜெனரேட்டர் மாதிரி கேட்டது. கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அரை மணி நேரத்தில் எண்ணெய் தீர்ந்தது. இஞ்சின் நின்றது.

நின்றது நின்றதுதான். இஞ்சினுக்கு ஊற்றும் குரூட் ஆயிலுக்கு ஒவ்வொரு மாதமும் தாலுகா ஆபீஸில் இவ்வளவு என்று ஒதுக்கீடு உண்டு. அந்தக் கார்டு இருந்தால்தான் எண்ணெய். காஸ்பர் மனு எழுதிக்கொண்டு போனான். குமாஸ்தா ராமகிருஷ்ணன் நல்ல மனுஷன். மனுவை வாங்கிப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சண்டைக்கு முன்னால இருந்த தொழிலா?"

"இல்ல சார். புதுசு."

"புதுத் தொழிலுக்கு இப்ப ஒதுக்கீடு இல்லப்பா. பயிர் வைக்கிறவங்களுக்குத்தான் முதல்ல கொடுக்கச் சொல்லி உத்தரவு. கெணத்து இஞ்சின்னா நாளைக்கே கார்டு போட்டுத் தர்றேன். பட்டறைன்னா மேல எழுதித்தான் பாக்கணும்."

"எத்தினி நாள் ஆகும்?"

"அத நான் எப்படிச் சொல்றது?"

சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. இரண்டு தடவை கள்ளத்தனமாக எண்ணெய் வாங்கி ஓட்டினான். பஞ்சு வைத்து வடிகட்டினால் பாதி தண்ணீர். மற்ற நாளெல்லாம் கையால் சுற்றுகிற துளை மிஷினும் அரமும் வைத்து என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தான். கால் அங்குலத் துளை ஒன்று போடுவதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும். லேத்து வேலை கேட்டு வந்தவர்களைத் திண்டிவனத்துக்கு அனுப்பினான். இஞ்சின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடிவைத்தான்.

ஆடி மாதம் ஒரு நாள் ரெட்டியார் பட்டறைக்கு வந்தார். கவலை இறைக்கும் உருளையின் அச்சு முறிந்து போயிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"சித்திரையில ஒரு மாடு போயிடுச்சி காஸ்பரு" என்றபடி அடைகல்லின் மேல் உட்கார்ந்தார். "தண்ணி ஆழத்துக்குப் போயிடுச்சி. இழுத்து இழுத்து நுரை தள்ளி விழுந்துட்டுது. இப்ப ஒரு ஜோடிதான். அஞ்சு ஏக்கர் காஞ்சிபோச்சு. ராமகிருஷ்ணன் கூப்பிட்டு எண்ணெக் கார்டு தர்றேன்றார். கார்டு வாங்கி இன்னா பண்றது? இஞ்சின் ஏது?"

காஸ்பர் அச்சை வைஸில் இறுக்கி அராவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"பட்டணத்துக்கு மறுபடி ரெண்டு நடை போனேன்" என்றார் ரெட்டியார். "ஒருத்தன் பச்சைச் சாயம் அடிச்ச இஞ்சினைக் காட்டினான். நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு, விட்டுட்டேன். அன்னிக்கி நீ இல்லன்னா எதையாவது வாங்கி மோசம் போயிருப்பேன். அந்த உதவிய மறக்க மாட்டேன்."

அரம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது. அச்சைச் சரிசெய்து கொடுத்தான். கூலி வாங்க மறுத்தான். ரெட்டியார் வற்புறுத்தி மரப்பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே காய்ச்சல் கண்டது. இந்தத் தடவை ஐந்து நாள். ஆறாம் நாள் காலையில் அமலோற்பவம் கஞ்சி கொண்டுவந்து வைத்தபோது அவன் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

"அந்த இஞ்சினு ரெட்டியாருக்குப் போயிருக்க வேண்டியது."

"எந்த இஞ்சினு?"

"நம்ப இஞ்சினு. நல்லா இருக்குதுன்னு கையில புடிச்சப்பவே தெரியும். ஆகாதுன்னு சொல்லிட்டு நான் எடுத்துக்கிட்டேன்."

அவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினாள். வெளியே கோழிகள் சண்டை போடுகிற சத்தம் கேட்டது.

"அவரு நெலமும் காஞ்சிபோச்சு, நம்ப பட்டறையும் ஓடல" என்றாள் கடைசியில். "யாருக்குமே ஒதவாம சாக்கு போத்திக்கிட்டு நிக்குது."

"ரொம்ப அசதியா இருந்துச்சு. கால்ல மிதிக்காம, கையில சுத்தாம ஒரு வேல செய்யணும்னு…"

"தெரியும்" என்றாள் அவள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "நாலு வருஷம் கொட்டை ஒடைச்ச கை எனக்கும்தான். கஞ்சியக் குடிங்க. நடக்க முடிஞ்சா போயிட்டு வாங்க. முடியலன்னா நாளைக்கிப் போங்க."

அவன் அன்றே கிளம்பினான். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து, தொண்டூர் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ரெட்டியார் கிணற்றடியில் மாடுகளை அவிழ்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி ஆண்டாள் காஸ்பரின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சக்கரத்தைச் சுற்றினது, அது துள்ளினது, தான் பொய் சொன்னது, எதையும் விடவில்லை.

சொல்லி முடித்த பிறகும் ரெட்டியார் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அடியில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தெரிந்தது.

"அந்த மாட்டை நான் கன்னுக்குட்டியில வாங்கினேன்" என்றார்.

காஸ்பர் அவிழ்த்துவிட்ட மாடுகளைப் பார்த்தான்.

"என் சோத்தை வேற பாதி தின்ன."

"ஆமாம் ரெட்டியாரே."

"சரி. இஞ்சினைக் கொண்டா. ஏலத்துல எடுத்த வெலையும் வண்டிக் கூலியும் தர்றேன். அதுக்கு மேல இதுல பேச ஒண்ணுமில்ல." கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பினார். "மோர் வச்சது வச்சபடி இருக்குது. குடிச்சிட்டுப் போ. ரோட்டுல விழுந்து கெடக்கப் போற."

அவன் குடித்துவிட்டுப் போனான்.

ஆவணியில் இஞ்சின் தொண்டூர்க் கிணற்றில் ஏறியது. காஸ்பரே போய் மாட்டினான். ராமகிருஷ்ணன் சொன்னபடியே கார்டு மூன்றாம் நாள் வந்தது. முதல் நாள் தண்ணீர் பாய்ந்தபோது ரெட்டியார் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காஸ்பர் பக்கம் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் போய் இஞ்சினைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, மரைகளை இறுக்கிவிட்டு வருவதை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பட்டறையில் லேத்து நின்றது, ஓட்டத்தான் ஒன்றும் இல்லை. உடைந்த பஸ் ஒன்றிலிருந்து கனத்த இரும்புச் சக்கரம் ஒன்றைக் எடைக் கணக்கில் பழைய இரும்பாக வாங்கினான். தையல் மிஷினில் இருக்கிற மாதிரி, ஆனால் அதைப்போல நாலு மடங்கு பெரிதாக, மரத்தில் ஒரு மிதிபலகை செய்தான். பலகையை மிதித்தால் சக்கரம் சுற்றும். சக்கரத்திலிருந்து வார் போய் லேத்தைச் சுற்றும். செய்துமுடித்து மிதித்துப் பார்த்தான். கால் மணி நேரத்தில் மூச்சு வாங்கியது. கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போய், கடைந்த இரும்பு கோணலாகிவிட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அமலோற்பவம் கொட்டை உடைக்கிற இடத்திலிருந்து அவனுக்குச் சோறு கொண்டுவந்தவள் இதைப் பார்த்தாள். சோற்றுத் தூக்குச்சட்டியை இறக்கி வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையின் மேல் ஒரு காலை வைத்தாள்.

"எப்ப நிறுத்தணும்னு சொல்லுங்க."

"உனக்கு எதுக்கு இது?"

"அங்க உக்காந்தே செய்யறேன், இங்க நின்னு செய்யறேன். நீங்க அந்தக் கத்தியப் புடிங்க."

மிதித்தாள். சீராக, நெல் குத்துகிற மாதிரி ஒரே தாளத்தில் மிதித்தாள். அவனுக்குக் கை மட்டும் போதுமாக இருந்தது. இரும்புச் சுருள் உரிந்து விழ ஆரம்பித்தது. இஞ்சின் ஓட்டின வேகத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இரைச்சலும் இல்லை. அவள் மூச்சு விடுவதுகூட அவனுடைய நல்ல காதுக்குக் கேட்டது.

பெண்பிள்ளை லேத்து மிதிக்கிறாள் என்று கடைத்தெருவில் ஒரு வாரம் பேசினார்கள். கோயிலில் இருதயமேரி என்கிற கிழவி நேரிலேயே கேட்டுவிட்டாள். "கொட்டை ஒடைச்சப்ப யாரும் கேக்கலியே" என்று அமலோற்பவம் சொன்னாள். அதோடு முடிந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் மண்டிக்குப் போவதை அடியோடு நிறுத்திவிட்டாள்.

வேலை வந்தது. பஸ் அச்சு, மணிலா மிஷின் உருளை, நெல் மிஷின் தண்டு. ஒரு நாளைக்கு இரண்டு உருப்படி, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் இரண்டு உடம்பும் இடம் கொடுக்கவில்லை. காய்ச்சல் வருகிற நாளில் பட்டறை மூடிக்கிடக்கும். சுதந்திரம் வந்த வருஷத்திலும் அப்படித்தான், அதற்கு அடுத்த வருஷத்திலும் அப்படித்தான். பட்டறைக்கு எண்ணெய்க் கார்டு கேட்டுப் போட்ட மனுவுக்கு 1948-இல் சம்மதம் என்று பதில் வந்தது. இஞ்சின்தான் இல்லை. காஸ்பர் அந்தக் காகிதத்தை ராமகிருஷ்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

அந்த வருஷம் ஐப்பசியில் தளவானூரிலிருந்து தனகோட்டி என்று ஒரு விவசாயி பம்பின் தண்டைக் கடையக் கொண்டுவந்தார். வேலை முடிகிற வரை நின்று பார்த்தார். மழைத் தூறல். அமலோற்பவம் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"தொண்டூர் ரெட்டியார்தான் உங்களண்ட போகச் சொன்னாரு" என்றார் தனகோட்டி.

"அப்படியா?"

"செஞ்சியில காஸ்பரண்ட குடு, வேல சுத்தமா இருக்கும்னாரு." கொஞ்சம் தயங்கினார். "இன்னொண்ணும் சொன்னாரு."

"சொல்லுங்க."

"புதுசா எதுனா வாங்குறதா இருந்தா மட்டும் அவன் பேச்சைக் கேக்காதேன்னாரு."

மிதிபலகை நின்றுவிட்டது. காஸ்பர் தண்டைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சரியாத்தான் சொல்லி இருக்காரு" என்று அதை அவர் கையில் கொடுத்தான்.

தனகோட்டி போன பிறகு அமலோற்பவம் பலகையிலிருந்து காலை எடுத்து, கணுக்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "அடுத்தது இன்னா இருக்குது?" என்றாள்.

"நெல் மிஷின் தண்டு. நாளைக்கிப் பாத்துக்கலாம்."

"நாளைக்கிச் சனிக்கெழம. தொண்டூருக்குப் போகணுமே."

"காலையில போயிட்டு வந்துடறேன்" என்றான் காஸ்பர். லேத்தில் ஒட்டியிருந்த இரும்புத் துகளைத் தூரிகையால் தட்டிவிட்டு, அதன் மேல் எண்ணெய்த் துணியைப் போட்டான். இருவரும் கொட்டகைப் படலைச் சாத்திவிட்டு, தூறலில் நனைந்தபடி மெதுவாக வீட்டுக்கு நடந்தார்கள்.